குவாகா: பாதி உடம்பில் மட்டும் வரி போட்ட குதிரை

வரிக்குதிரை என்றதும் நம் கண்முன் வருவது மூக்கு முதல் வால் வரை கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட விலங்குதான். ஆனால் பாதி உடம்பில் மட்டும் வரி போட்ட ஒரு வரிக்குதிரையும் இந்த உலகத்தில் இருந்தது. தலை, கழுத்து, தோள் வரைக்கும் பளிச்சென்று வரிகள். அதற்குப் பிறகு வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, பின்பக்கம் வெறும் பழுப்பு நிறமாகிவிடும். வயிறும் கால்களும் வெள்ளை. முன்னால் நின்று பார்த்தால் வரிக்குதிரை, பின்னால் நின்று பார்த்தால் மட்டக்குதிரை!

அதன் பெயர் குவாகா. தென்னாப்பிரிக்காவின் புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த விலங்கு. இன்று ஒன்றுகூட இல்லை.

1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி, நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ஆர்ட்டிஸ் உயிரியல் பூங்காவில் ஒரு பெண் குவாகா இறந்தது. 1867ஆம் ஆண்டு முதல் அங்கே கூண்டில் இருந்த விலங்கு அது. அது இறந்ததும் பூங்காக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்னொரு குவாகா வேண்டும் என்று கேட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த வேட்டைக்காரர்களும், நாட்டின் உட்பகுதிக்குப் போனால் கிடைக்கும் என்றே நம்பினார்கள்.

ஆனால் கிடைக்கவில்லை. ஏனென்றால் இறந்துபோனதுதான் உலகத்தின் கடைசி குவாகா. அது அன்று யாருக்கும் தெரியாது.

ஒரு விலங்கினம் அழிவது வருத்தமான செய்திதான். ஆனால் அழிந்ததே தெரியாமல் போவது எப்படி? குவாகாவின் கதையில் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

பெயர் வந்த விதம்

தென்னாப்பிரிக்காவின் பழங்குடிகளில் ஒரு பிரிவினர் கோய்கோய் மக்கள். ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர்கள். இந்த விலங்கு கத்தும் சத்தத்தை வைத்தே அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். "கா கா" என்று கரைவதால் நாம் காக்கை என்று சொல்கிறோமே, அதுபோலத்தான். அந்தச் சொல்லைத்தான் டச்சுக்காரர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். 1785ஆம் ஆண்டு பீட்டர் போடார்ட் என்ற டச்சு இயற்கையியலாளர் அறிவியல் முறைப்படி இதற்கு "ஈக்வஸ் குவாகா" என்று பெயர் சூட்டினார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. புத்தகத்தில் குவாகா என்றால் பாதி வரி போட்ட இந்த ஒரு விலங்கு மட்டும்தான். ஆனால் அந்த ஊரில் குடியேறியவர்களுக்கோ எல்லா வரிக்குதிரையும் குவாகாதான். முழு உடம்பிலும் வரி போட்டதைப் பார்த்தாலும் குவாகா, பாதி வரி போட்டதைப் பார்த்தாலும் குவாகா. இந்தச் சின்ன விஷயம் பின்னால் எவ்வளவு பெரிய வினையாக முடிந்தது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

கரூ என்னும் வறண்ட புல்வெளி

குவாகா வாழ்ந்த இடம் தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியும், அதற்கு வடக்கே ஆரஞ்சு நதியைத் தாண்டி இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் தென்பகுதியும். கரூ என்பது பாதி பாலைவனம். மழை குறைவு. பகலில் வெயில் கொளுத்தும், குளிர்கால இரவுகளில் உறைபனி விழும். மழை பெய்த இடத்தில் புல் முளைக்கும். அந்தப் புல்லைத் தேடி விலங்குகள் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

குவாகா அப்படி ஒன்றும் பெரிய விலங்கு அல்ல. தோள் உயரம் சுமார் 125 முதல் 135 செ.மீ. வரைதான். 30 முதல் 50 வரை சேர்ந்த கூட்டங்களாக அவை திரிந்ததாகப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் வில்லியம் கார்ன்வாலிஸ் ஹாரிஸ். இவருக்கு இந்தியாவோடு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் பொறியாளராக இருந்தவர். உடல்நலம் சரியில்லாமல் ஓய்வுக்காகத் தென்னாப்பிரிக்கா போனவர், 1836-37இல் உட்பகுதியில் வேட்டைப் பயணம் செய்தார். தொடுவானத்தின் ஓரமாகக் குவாகாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நீண்ட வரிசையில் போவதைப் பார்த்தால், எதிரே வேறொரு வண்டிக் கூட்டம் பயணம் போவதைப் போல் இருக்கும் என்று அவர் வர்ணித்திருக்கிறார்.

குவாகாக்கள் தனியாக மேய்வதில்லை. கறுப்பு வில்டபீஸ்ட் எனப்படும் மாட்டு உருவ மான்களும் நெருப்புக்கோழிகளும் அவற்றோடு சேர்ந்தே மேயும். இந்தக் கூட்டணி மூவருக்குமே லாபம். நெருப்புக்கோழிக்கு உயரமான கழுத்து, கூர்மையான கண். குதிரை இனத்துக்குக் காது கூர்மை. மானுக்கு மோப்ப சக்தி. எந்தப் பக்கத்திலிருந்து சிங்கம் வந்தாலும் யாராவது ஒருவருக்குத் தெரிந்துவிடும். ஒன்று ஓடினால் எல்லாமே ஓடும்.

குவாகாவின் குடும்ப வாழ்க்கையை அதன் நெருங்கிய உறவான சமவெளி வரிக்குதிரையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு ஆண், சில பெண்கள், அவற்றின் குட்டிகள். இதுதான் ஒரு குடும்பம். ஜோடி சேராத இளம் ஆண்கள் தனிக் கூட்டமாகத் திரியும். பல குடும்பங்கள் சேர்ந்தால் பெரிய மந்தை. பெண் வரிக்குதிரை சுமார் ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சிங்கத்துக்கு இரை. முதல் சில நாட்கள் தாய் மற்றவர்களைக் குட்டியின் பக்கத்தில் விடாது. தன் தாயின் வரிகளையும் வாசனையையும் குரலையும் குட்டி மனதில் பதித்துக்கொள்ளும் காலம் அது. நம் கைரேகை மாதிரி, வரிக்குதிரைகளிலும் ஒன்றின் வரி இன்னொன்றுக்கு இருக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம் உணவு. மாடும் ஆடும் மானும் அசை போடும் விலங்குகள். குதிரை இனம் அசை போடாது. தின்ற புல் சீக்கிரம் வயிற்றைக் கடந்துவிடும். அதனால் நல்ல புல்தான் வேண்டும் என்று காத்திருக்காமல், முற்றிய, நாரான புல்லையும் நிறையத் தின்று உயிர் வாழ முடியும். மேலே இருக்கும் முற்றிய புல்லை வரிக்குதிரை தின்றுவிட்டால், அடியில் இருக்கும் இளம் புல் மற்ற விலங்குகளுக்குக் கிடைக்கும். ஒருவருக்குக் கழிவு, இன்னொருவருக்கு முதல்.

சரி, வரி ஏன் பாதியில் நின்றுவிட்டது? வரிக்குதிரையின் வரிகள் கடிக்கும் ஈக்கள் உடம்பில் உட்காருவதைக் குறைக்கின்றன என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. வெப்பமான இடத்தில் வாழும் சமவெளி வரிக்குதிரைகளுக்கு வரி அடர்த்தியாகவும், குளிர்ந்த தெற்குப் பகுதியில் வாழ்பவற்றுக்கு வரி குறைவாகவும் இருப்பது தெரிந்த விஷயம். குவாகா வாழ்ந்தது தெற்குக் கோடியில். வடக்கிலிருந்து தெற்கே வர வர வரி மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நிற்கும் விலங்குதான் குவாகா.

கணக்கில் வராத சரக்கு

1652ஆம் ஆண்டு டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி இன்றைய கேப் டவுன் இருக்கும் இடத்தில் ஒரு குடியிருப்பை அமைத்தது. ஆசியாவுக்குப் போகும் கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, தண்ணீர் கொடுப்பதுதான் நோக்கம். ஆனால் குடியேறியவர்கள் அங்கேயே நிற்கவில்லை. மாட்டையும் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு உள்நாட்டுக்குள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் சுமார் 6,000 ஏக்கர் நிலம். பண்ணை அமையும் இடத்தைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்தான், நீரூற்று. கரூவில் தண்ணீர் இருக்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவை ஒவ்வொன்றாக வேலிக்குள்ளும் வீட்டுக்குள்ளும் போயின. வரிக்குதிரைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். ஊற்று போனால் புல் இருந்தும் பயனில்லை.

பின்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. மெரினோ ஆடுகள் வந்தன. 1840களில் கம்பளிதான் கேப் காலனியின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள் ஆனது. ஒரு குவாகா தின்னும் புல் என்பது ஆடு தின்ன வேண்டிய புல், ஆடு தின்னும் புல் என்பது இங்கிலாந்தின் ஆலைக்குப் போக வேண்டிய கம்பளி. பண்ணைக்காரரின் பார்வையில் குவாகா ஒரு நஷ்டம்.

அதே நேரத்தில் அது இலவசமாகக் கிடைக்கும் சரக்கும்கூட. வாங்கிய விலை பூஜ்யம், வளர்த்த செலவு பூஜ்யம், துப்பாக்கி மருந்துக்கு மட்டும்தான் காசு. இறைச்சியைப் பண்ணையில் வேலை செய்த கோய்கோய் மக்களுக்கு உணவாகக் கொடுத்துவிடுவார்கள். தன் ஆட்டை வெட்டாமல் கூலியாட்களுக்குச் சாப்பாடு போட்டாயிற்று. தோலைத் தைத்துத் தானிய மூட்டை செய்வார்கள். பிறகு தோல் வியாபாரம் பெருகியதும், தோலுக்காகவே வேட்டையாடும் ஆட்கள் ஃப்ரீ ஸ்டேட் பகுதிக்குக் கிளம்பினார்கள். மந்தை மந்தையாகச் சுட்டார்கள்.

வணிகத்தில் ஒரு அடிப்படைப் பாடம் உண்டு. விற்ற சரக்கின் இடத்தில் புதுச் சரக்கு வந்து சேர வேண்டும். கடையின் இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் இலவசமாக எடுக்கும் பொருளுக்கு யாரும் பதிவேடு வைப்பதில்லை. ஒரு பெண் குவாகாவுக்கு அதிகம் போனால் வருடத்துக்கு ஒரு குட்டி. துப்பாக்கிக்கோ ஒரு நாளைக்கு ஒரு மந்தை. இந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்திருந்தால் போதும். யாரும் போடவில்லை.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. அதே கேப் பகுதியின் புல்வெளிகளில் வாழ்ந்த புளூபக் என்ற நீலநிற மான் 1800ஆம் ஆண்டு வாக்கிலேயே அழிந்துவிட்டது. ஐரோப்பியர் வந்தபின் ஆப்பிரிக்காவில் அழிந்த முதல் பெரிய பாலூட்டி என்று அதைச் சொல்வார்கள். அதன் பிறகும் குவாகாவைச் சுடுவது நிற்கவில்லை.

லண்டன் தெருவில் குவாகா வண்டி

ஆப்பிரிக்காவில் இப்படிச் சுட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், ஐரோப்பாவில் குவாகா ஒரு அதிசயப் பொருள். பிரான்சின் பதினாறாம் லூயி மன்னரின் வெர்சாய் அரண்மனை விலங்குக் கூடத்தில் ஒரு குவாகா இருந்தது. 1793ஆம் ஆண்டு அதை ஓவியமாகவும் வரைந்திருக்கிறார்கள். லண்டன் நகரின் ஷெரிஃபாக இருந்த பார்க்கின்ஸ் என்பவர் இரண்டு குவாகாக்களை வண்டியில் பூட்டி ஓட்டிக்கொண்டு போனாராம். மற்ற வரிக்குதிரைகளைவிட குவாகா சாதுவானது, பழக்கினால் குதிரைக்குப் பதிலாகப் பயன்படும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள்.

மோர்ட்டன் பிரபு என்பவர் ஒரு ஆண் குவாகாவை அரபுக் குதிரையோடு சேர்த்துக் கலப்புக் குட்டி பெற்றார். பிறகு அதே பெண் குதிரைக்கு வேறொரு அரபுக் குதிரையால் பிறந்த குட்டிகளின் காலிலும் வரி இருந்ததாம்! முதல் ஜோடியின் குணம் அடுத்த குட்டிகளுக்கும் வந்துவிடுகிறது என்று அந்தக் கால அறிஞர்கள் நம்பினார்கள். சார்லஸ் டார்வின்கூட 1859இல் வெளியான தன் நூலில் இதைக் குறிப்பிட்டார். 1890களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த காசர் எவார்ட் என்ற விஞ்ஞானி சோதனைகள் செய்து அந்த நம்பிக்கை தவறு என்று காட்டினார். சோதனைக்கு அவர் பயன்படுத்தியது வேறு வகை வரிக்குதிரையை. அதற்குள் குவாகாவே இல்லை.

லண்டன் உயிரியல் பூங்காவில் 1851 முதல் 1872 வரை ஒரு பெண் குவாகா இருந்தது. உயிரோடு இருக்கும்போது புகைப்படம் எடுக்கப்பட்ட ஒரே குவாகா அதுதான். அதன் 5 புகைப்படங்கள் இன்றும் உள்ளன. ஒரு செங்கல் சுவரின் முன்னால், பக்கவாட்டில் நின்றுகொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் திரிந்த ஒரு விலங்கின் உயிருள்ள உருவமாக நமக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

மன்னர் வளர்த்தார், ஷெரிஃப் வண்டி ஓட்டினார், அறிஞர்கள் கட்டுரை எழுதினார்கள். ஆனால் இந்த இனம் நிலைக்க வேண்டும் என்று ஆணையும் பெண்ணையும் சேர்த்துப் பெருக்கியவர் ஒருவரும் இல்லை. தீர்ந்தால் இன்னொன்று வரவழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும்.

யாரும் கவனிக்காத முடிவு

காட்டில் வாழ்ந்த கடைசி குவாகாக்கள் 1878ஆம் ஆண்டு வாக்கில் மறைந்துவிட்டன. பெர்லின் பூங்காவில் இருந்தது 1875இல் இறந்தது. மிஞ்சியது ஆம்ஸ்டர்டாம் பூங்காவில் இருந்த அந்த ஒன்றுதான். அதுவும் 1883இல் போய்விட்டது.

அப்போதும் யாருக்கும் தெரியவில்லை. காரணம், முதலில் பார்த்த அந்தப் பெயர்க் குழப்பம். "உங்கள் பக்கம் குவாகா இருக்கிறதா?" என்று கேட்டால் "நிறைய இருக்கிறதே" என்றுதான் பதில் வரும். பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் நினைத்தது முழு வரி போட்ட மற்ற வரிக்குதிரையை. எல்லாச் சரக்கையும் ஒரே தலைப்பில் எழுதி வைத்தால் எந்தச் சரக்கு தீர்ந்தது என்று தெரியவே தெரியாது. உடம்பில் பாதி வரியாவது இருந்த விலங்குக்குப் பேரேட்டில் தனியாக ஒரு வரி இல்லாமல் போய்விட்டது.

இதைவிடக் கொடுமை, 1886ஆம் ஆண்டு கேப் காலனியில் விலங்குகளைப் பாதுகாக்கும் வேட்டைச் சட்டம் வந்து, குவாகாவைச் சுடுவது தடை செய்யப்பட்டது. உலகின் கடைசி குவாகா இறந்து மூன்று வருடம் ஆன பிறகு! ஆப்பிரிக்க விலங்குகளைப் பாதுகாக்க 1900ஆம் ஆண்டு லண்டனில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்ட சமயத்தில்தான் குவாகா அழிந்துவிட்டது என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது.

தோலில் ஒட்டியிருந்த சதை

கதை இதோடு முடியவில்லை. கேப் டவுன் அருங்காட்சியகத்தில் ரைன்ஹோல்ட் ராவ் என்பவர் விலங்குகளைப் பாடம் செய்யும் வேலையில் இருந்தார். 1969ஆம் ஆண்டு அங்கிருந்த ஒரு குவாகாக் குட்டியின் பழைய உடலைப் பிரித்துச் சரி செய்தபோது, தோலின் உட்புறத்தில் காய்ந்த சதைத் துணுக்குகள் ஒட்டியிருப்பதைக் கண்டார். 19ஆம் நூற்றாண்டில் பாடம் செய்தவர் சரியாகச் சுரண்டாமல் விட்டதுதான். ராவ் அதைத் தூக்கி எறியவில்லை.

பின்னர் அவர் ஜெர்மனியின் மைன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருந்த குவாகாக்களையும் சீரமைத்தார். அங்கே கிடைத்த துணுக்கிலிருந்து 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் டிஎன்ஏவைப் பிரித்துப் படித்தார்கள். படித்தது வெறும் 229 எழுத்துகள்தான். ஆனால் அழிந்துபோன ஒரு விலங்கின் டிஎன்ஏ வரிசையை மனிதன் படித்தது அதுவே முதல் முறை! இன்று மாமூத் யானை வரை வந்து நிற்கும் ஒரு அறிவியல் துறையின் ஆரம்பம் இந்தப் பாதி வரிக் குதிரைதான்.

அந்த ஆய்வுகளும் பின்னால் வந்தவையும் சொன்ன செய்தி, குவாகா தனி இனம் அல்ல, சமவெளி வரிக்குதிரையின் ஒரு வகைதான் என்பது. சுமார் 1,20,000 முதல் 2,90,000 ஆண்டுகளுக்கு முன் அது பிரிந்து வந்ததாக 2005இல் வெளியான ஆய்வு கணித்தது.

அப்படியானால் வரி குறைவான சமவெளி வரிக்குதிரைகளைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இணைத்தால் குவாகாவின் உருவத்தைத் திரும்பக் கொண்டுவரலாமே என்று ராவ் யோசித்தார். 1987ஆம் ஆண்டு நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவிலிருந்து கொண்டுவந்த 9 வரிக்குதிரைகளோடு "குவாகா திட்டம்" தொடங்கியது. 2006இல் ராவ் இறந்தார். ஆனால் திட்டம் தொடர்ந்தது. பின்பக்கம் வரியே இல்லாத குட்டிகள் பிறந்தன. அவற்றுக்கு "ராவ் குவாகா" என்று பெயர்.

இது நிஜமான குவாகாவா? நிறத்தில் ஆம். மற்றபடி விவாதம் உண்டு. கரூவின் உறைபனியில் வாழ அந்தப் பழைய விலங்கிடம் என்னென்ன குணங்கள் இருந்தனவோ, அவை தோலின் நிறத்தோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும், தாத்தாக்கள் செய்த தவறுக்குப் பேரன்கள் கொஞ்சமாவது பரிகாரம் தேடுகிறார்கள் என்று சொல்லலாம்.

பெயர் மட்டும் பிழைத்தது

இன்று உலகம் முழுவதும் 23 குவாகாக்களின் பாடம் செய்த உடல்கள் மட்டுமே உள்ளன. பெரும்பாலும் ஐரோப்பாவில். குவாகாவின் சொந்த நாடான தென்னாப்பிரிக்காவிடம் இருப்பது கேப் டவுனில் உள்ள அந்த ஒரு குட்டி மட்டும்தான்.

கடைசியாக ஒரு விநோதம். குவாகாவும் சமவெளி வரிக்குதிரையும் ஒரே இனம் என்று முடிவானதும், அந்த இனத்துக்கு எந்த அறிவியல் பெயர் என்ற கேள்வி வந்தது. விதிப்படி முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை. 1785இல் குவாகாவுக்கு வைத்த பெயர்தான் பழையது. ஆகவே இன்று கென்யாவிலும் தான்சானியாவிலும் திரியும் முழு வரி போட்ட எல்லாச் சமவெளி வரிக்குதிரைகளுக்கும் அறிவியல் பெயர் "ஈக்வஸ் குவாகா"! எந்தப் பொதுப் பெயரால் ஒரு விலங்கு அழிந்தது தெரியாமல் போனதோ, அதே பொதுப் பெயர் அறிவியலிலும் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்துப் பண்ணைக்காரர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நம்மைச் சுற்றிப் பார்த்தாலும் எல்லாமே "குருவி", எல்லாமே "தவளை", எல்லாமே "முள்செடி" என்று பொதுப்பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எத்தனை வகை இருந்தன, எத்தனை மிச்சம் என்று யாராவது கேட்டால், "நிறைய இருக்கிறதே" என்றுதான் நாமும் சொல்வோம். 1883இல் தென்னாப்பிரிக்காவில் சொன்ன அதே பதில்.